சுருதிக்கு ஒரு தண்ணி லாரி

கங்கையம்மாவின் விலை லாரி ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமானால் இருநூறு சேர்த்து. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி முளைத்திருக்கும் நகர்களுக்கெல்லாம் அவளை வண்டியில் அழைத்துப்போய்க் குழாய் வழியாக இறக்கிவிட்டு வருகிறவள் செண்பகம். தண்ணீருக்கு விலை சொல்வது பாவம் என்று யாராவது பேச்செடுத்தால், "பாவம் என்னுது, தண்ணி உன்னுது. ஜிபேவா, கையில குடுக்கறியா?" என்பாள். அதற்குமேல் யாரும் தர்மம் பேசியதில்லை.

விலையில் கறாராக இருப்பவள் அளவில் தாராளம். முக்கால் தொட்டி ஊற்றிவிட்டு முழு லாரிக்குப் பணம் வாங்குகிறவர்கள் என்று தண்ணி லாரிக்காரர்களுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் தன் லாரியின் பச்சைப் பெயின்ட்டில் ஒட்டிவிடக் கூடாது என்பதில் செண்பகத்துக்கு ஒரு வெறியே இருந்தது. தெருவில் குடத்துக்குப் பிடிக்கும்போதும் கழுத்து வழிந்து இடுப்புச் சேலை நனைந்தால்தான் குழாயை மூடுவாள். "நிறைகுடம் தளும்பாதுன்னு சொன்னவன் தண்ணி லாரியில கொடம் புடிச்சிருக்க மாட்டான்" என்பது அவளுடைய வேதம்.

அந்தத் தை மாதம் ஒருநாள் ஆதிநாராயணன் அவளைத் தேடி வந்தார். நஞ்சை பன்னிரண்டு ஏக்கர், ஏரிப் பாசன சங்கத்தின் தலைவர் பதவி, கஞ்சி போட்ட வேட்டி. பல வருஷம் முள்ளும் மண்ணுமாகக் கிடந்த ஏரியைத் தூர் வாரி வைத்திருந்தார்கள். இந்த மழைக்கு அது நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்துவிட்டது. ஏரி இப்படிக் கோடி போனால் கங்கையம்மாவுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டி, சாயங்காலம் ஒரு கச்சேரி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"செம்பகம், ஒரு லாரி குடிக்கிற தண்ணி வோணும். ஐந்நூறு பேரு வருவாங்க."

"தாராளமா நைனா. ஆயிரத்தி எண்ணூறு."

"கங்கம்மா பூஜைக்கா பில்லு போடுவ?"

"கங்கம்மா சும்மாதான் வரா நைனா. டீசல் சும்மா வர மாட்டேங்குது."

"ஆயிரம் வெச்சிக்க."

"ஆயிரத்துக்கு லாரி வரும், தண்ணி வராது. பரவால்லியா?"

ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது. அவள் மனதுக்குள் ஆயிரத்து நானூறுக்கே தயாராக இருந்தாள். அவர் ஆயிரத்து அறுநூறுக்குத் தயாராக வந்திருந்தார். ஆக இருவருமே மற்றவரை ஏமாற்றிவிட்ட திருப்தியோடு டீ குடித்தார்கள். அப்போதுதான் அவர் சொன்னார்:

"கச்சேரி யாருன்னு கேக்கலியே? எப்பவும் போல ஆர்கெஸ்ட்ரா இல்ல. கிண்ணத்துல தண்ணி ஊத்தி குச்சியால தட்டுவாங்களே, ஜலதரங்கம். செல்லுல பாத்தேன். மழை பேயற மாதிரியே தட்டுது அந்தப் பொண்ணு. விசாரிச்சா, உன் டிரைவர் சாலமோன் பொண்ணாம்."

செண்பகத்தின் டீ கொஞ்ச நேரம் கிளாஸிலேயே நின்றது.

சாலமோன் மகள் ஜெனிபரை, பாவாடை கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். தண்ணி லாரி வந்தால் தெருவே ஓடிவரும். அந்தப் பெண்மட்டும் குடங்களின் வரிசைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். குடம் நிரம்ப நிரம்ப உள்ளே விழுகிற சத்தம் மேலே ஏறும் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு "இப்ப மூடு அத்த!" என்று கத்தும். மூடிப் பார்த்தால் குடம் சரியாகக் கழுத்தில் நிற்கும். பிறகு மாதா கோயில் பாட்டுக் குழு, உதவித்தொகை, சென்னையில் இசைக் கல்லூரி. இப்போது பெங்களூரு, கொச்சி என்று மேடை மேடையாக வாசிக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த வாசிப்பு எப்படி என்று தெரியாதவர் ஒருவர்தான், அவளைப் பெற்றவர். சாலமோன் இருபது வருஷத்துக்குமேல் பவர் பிரஸ் ஓட்டியவர். இரும்புத் தகட்டை அறைந்து அறைந்து அந்த இயந்திரம் அவருடைய இடது காதை முழுசாகவும் வலது காதில் பாதியையும் வாங்கிக்கொண்டுவிட்டது. மீதியில் மெல்லிய, கீச்சென்ற சத்தம் எதுவும் விழாது. லாரி எஞ்சின் விழும், இடி விழும், செண்பகத்தின் குரல் விழும். அது ஆண்களே திரும்பிப் பார்க்கும் கட்டைக் குரல். அவரை டிரைவராக வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். மகளின் குரலோ கீச்சுக் குரல். வீட்டில் அப்பனும் மகளும் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜெனிபரே போன் செய்தாள்.

"அத்த, கிண்ணத்துக்கு ஏரித் தண்ணிதான் வோணும். அந்த ஏரிக்காகத்தான வாசிக்கறேன்."

"செக்கச்செவேல்னு கீதுடி. குழம்பு மாதிரி."

"தெளிய வெச்சுக் குடுங்களேன்."

"நாலு கொடம் மொண்டு, தேத்தாங்கொட்டைய ஒரசிப் போட்டு ஒரு ராத்திரி வெச்சா கண்ணாடியா ஆயிடும். அதுக்கு ஏரிக்காரங்க கிட்ட எப்பிடி பில்லு போடறதுன்னுதான் யோசிக்கறேன். அப்புறம்?"



"அப்பா வந்து முன்னாடி உக்காரணும் அத்த. அதுக்காகத்தான் இந்தக் கச்சேரிய ஒத்துக்கினேன். எத்தினி ஊர்ல கூப்ட்டேன், ஒரு தபா வரல. நம்மூர்லயாவது..."

"இதுவும் ஒரு லோடுதான? நான் ஒத்துக்கினு வராத லோடு எதுனா உண்டா? போனை வை. டெலிவரி ஆயிடும்."

சொல்லிவிட்டாளே தவிர, சரக்கு அசைகிற சரக்காக இல்லை. மறுநாள் காலை, ஆழ்துளைக் கிணற்றில் லாரி நிரம்பிக்கொண்டிருந்தபோது விஷயத்தைக் காதில் போட்டாள். சாலமோன் நாஷ்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிரித்தார்.

"செவுடன் காதுல சங்கு ஊதறதுக்கு ஏரிக்கரையில பந்தல் வேறயா ஓனரம்மா?"

"பொண்ணு ஆசப்படுது ண்ணா."

"இன்னாத்துக்கு? எல்லாரும் தலையாட்டறப்ப நானும் பாத்து பாத்து தலையாட்டறதுக்கா? பூம்பூம் மாடு நான் இல்ல." பூரியைப் பிய்த்து வாயில் போட்டு, மெல்லும்போதே குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கரைமேல எங்கப்பன் மடை தொறக்கத்தான் ஏறுவாரு. தொறந்துட்டு எறங்கிடுவாரு. ஆதிநாராயணன் நைனாவுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக்கினு நான் உக்காந்தா, நாற்காலிக்கே கூச்சமா இருக்கும்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செண்பகம் பேரத்தில் வளர்ந்தவள். எந்த விலை குறையும், எந்த விலை குறையாது என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். இது குறையாத விலை. நேர்வழி மூடியிருந்தால் வியாபாரி சந்து தேடுவான்.

"சரி, உக்கார வேணாம். லாரிய ஓட்டிக்கினு வருவ இல்ல?"

"அது வேலை. வருவேன்."

"நான் சொல்ற எடத்துல நிறுத்துவ இல்ல?"

"லாரி உன்னுது. கெணத்துல எறக்கச் சொன்னாலும் எறக்குவேன்."

"அவ்ளோதான். துண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே லாரி ஏரிக்கரைக்குப் போய்விட்டது. கலங்கலை ஒட்டிய மேட்டில் மேடை போட்டிருந்தார்கள். செண்பகம் கையைக் காட்டிக் காட்டி, பின்னால் வரச் சொல்லி, முன்னால் போகச் சொல்லி, கடைசியில் டிரைவர் கதவு மேடையின் பக்கவாட்டை உரசுகிற மாதிரி நிறுத்தவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் முன்வரிசை நாற்காலிகளே பின்வரிசை.

"இன்னாம்மா இது, லாரிதான் பாடப்போவுதா?" என்று ஆதிநாராயணன் ஓடிவந்தார்.

"ஓஸ் பைப்பு இவ்ளோ நீளந்தான் நைனா."

வண்டிக்குள் இன்னும் முப்பது அடி பைப் சுருட்டி வைத்திருந்தது. அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஜெனிபர் பருத்திப் புடவையும் தோளில் துண்டுமாக மேடையில் உட்கார்ந்து, பதினெட்டுப் பீங்கான் கிண்ணங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அரைவட்டத்தில் பரப்பினாள். தெளியவைத்த ஏரித் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள், தட்டினாள், ஒரு கரண்டி எடுத்தாள், தட்டினாள், ஒரு சொட்டு விட்டாள். இரண்டு மணி நேரம் இதேதான். ஒரு கரண்டி தண்ணீருக்கு இவ்வளவு பேரம் பேசுகிறவளைச் செண்பகம் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒருவழியாக எழுந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பட்டுப்புடவை மாற்றிவரக் கிளம்பினாள்.

"பாத்துக்கங்க அத்த."

கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சிப்காட்டிலிருந்து பகல் ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிபார்மோடு வந்தார்கள்; இரவு ஷிப்ட்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு வந்தார்கள். எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டுபோய்விடும். ஊர்ப்பெண்கள் மேடைக்கு முன்னால் பாய் விரித்தார்கள். அவர்களில் மணியம்மாளும் இருந்தாள். தெருவில் குடம் வைக்கிற இடத்துக்காகச் செண்பகத்தோடு வாரம் ஒரு தடவையாவது சண்டை போடாவிட்டால் அவளுக்குச் சோறு செரிக்காது.

மணியம்மாள் கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"இன்னாடி செண்பகம், பாதி கிண்ணம் காலியா கீது? கச்சேரிக்குக்கூட முக்கா லோடுதானா?"

நாலு பேர் சிரித்தார்கள். லாரியின் பக்கவாட்டில் 'செண்பகம் வாட்டர் சப்ளை' என்று இரண்டடி எழுத்தில் எழுதியிருந்தது. சிரித்தவர்கள் அதையும் ஒருமுறை படித்தார்கள். செண்பகம் கிண்ணங்களைப் பார்த்தாள். ஒன்றில் அரை, ஒன்றில் கால், கடைசிக் குட்டிக் கிண்ணங்களில் அடி நனைகிற அளவு. வெயில் குடித்திருக்கும். 'பாத்துக்கங்க' என்று பெண் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினாள். தெளிந்த தண்ணீர்க் குடத்திலிருந்து பித்தளைச் சொம்பில் மொண்டு, ஒவ்வொரு கிண்ணமாக விளிம்புவரை நிரப்பினாள். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற இடத்தில் கை நின்றது. பதினெட்டுக் கிண்ணம், கீழே ஒரு துளி சிந்தவில்லை. அந்தக் கைநேர்த்தியை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பெருமையாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

"இப்ப பாரு!" என்று மணியம்மாளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆதிநாராயணன் மைக்கைப் பிடித்து ஏரி வரலாறு, தூர் வாரிய வரலாறு, தம் வரலாறு மூன்றையும் சொல்லி முடித்தார். ஜெனிபர் அரக்குப் பட்டில் வந்து கும்பிட்டு உட்கார்ந்தாள். லாரிப் பக்கம் திரும்பினாள். வண்டியின் படிக்கட்டில், கையில் ஓஸ் பைப்போடு, பத்தடி தூரத்தில் அப்பா. அவள் முகம் மலர்ந்ததைச் செண்பகம் பார்த்தாள். டெலிவரி ஆயிற்று என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

ஜெனிபர் குச்சியை எடுத்து முதல் கிண்ணத்தைத் தட்டினாள்.

டொக்.

அடுத்ததைத் தட்டினாள். டொக். அதற்கடுத்தது இன்னும் மோசம். சட்டியைச் சுரண்டின மாதிரி ஒரு சத்தம். அவள் குனிந்து பார்த்தாள். பதினெட்டும் தளும்பத் தளும்ப நின்றன.

"யாரு தொட்டது?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், மைக் அதை ஏரிக்கரை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

 அளவு கூடினால் சத்தம் கெடும் என்று செண்பகத்துக்கு யார் சொன்னார்கள்? அவள் தொழிலில் கூடக் கொடுத்ததற்காக யாரும் கோபித்ததில்லை. வாயைத் திறக்கப் போனாள். மணியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. வியாபாரி விலையில் தோற்கலாம். ஐந்நூறு பேர் முன்னால் முகத்தில் தோற்கலாமா?

அதற்குள் ஆதிநாராயணன் சுற்றிலும் கண்ணை ஓட்டினார். கிண்ணங்களுக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தவர் ஒருவர்தான்.

"டேய் சாலமோனு! நீ எதுக்குடா கை வெச்ச? பெத்த பொண்ணு பொழப்புல தண்ணிய ஊத்திட்டியே!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாலமோனுக்கு வார்த்தை எதுவும் விழவில்லை. ஆனால் தன்னை நோக்கி நீண்ட விரலைப் படிக்கக் காது வேண்டியதில்லை. அப்படிப்பட்ட விரலை அவர் குடும்பம் பல தலைமுறையாகப் படித்திருக்கிறது. பைப்பைக் கீழே வைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். மகளைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவி திரும்பியது. லாரி உறுமிக்கொண்டு உயிர்பெற்றது.

இனித் தலைக்கு மேல் வெள்ளம். சாண் என்ன, முழம் என்ன? செண்பகம் மேடைக்குப் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"தொட்டது நான்! பதினெட்டையும் ரொப்பனது இந்தக் கை. கொறையா கீதுன்னு ஒருத்தி சொன்னா, எனக்கு ரோசம் வந்துச்சி, ஊத்திட்டேன். கச்சேரிக்குத் தண்ணி எவ்ளோ வோணும்னு எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் ஒண்ணும் பண்ணல. நைனா, அந்த வெரல மடக்கு!"

 ஆதிநாராயணனின் விரல் தானாக மடங்கி வேட்டிமடிப்பைச் சரிசெய்யப் போய்விட்டது. மணியம்மாள் குனிந்து பாயில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

சாலமோன் கியர் போடப்போனார். செண்பகம் திரும்பி, "ஏம்மா, உங்கப்பா போறாரு!" என்று கத்தினாள். ஆனால் ஜெனிபர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, குடவரிசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அதே பழைய முகத்தோடு, லாரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் போய்ப் பெரிய கிண்ணத்தைத் தட்டியது. ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து வெளியே விட்டது. மறுபடி தட்டியது.

இந்தத் தடவை டொக் இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு நாதம் எழுந்து, எஞ்சினின் உறுமலுக்குள் போய் அங்கேயே தங்கியது.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை விளிம்புக்கு ஓடினாள். வண்டியின் கண்ணாடியைத் தட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்: போகாதே. முஷ்டியை மூடிச் சுழற்றினாள்: ஓடட்டும்.

"இன்னா பாப்பா? நிறுத்தவா?"

இல்லை இல்லை என்று தலையை ஆட்டி மறுபடி முஷ்டியைச் சுழற்றினாள். சாலமோன் ஒன்றும் புரியாமல் செண்பகத்தைப் பார்த்தார். லாரி ஓனருடையது, டீசலும் ஓனருடையது.

"ஓடட்டும் ண்ணா!" என்று செண்பகம் தன் கட்டைக் குரலில் போட்டாள். அது விழுந்தது.

ஜெனிபர் மைக்கை எடுத்தாள். "சுருதிப்பெட்டி கொண்டாந்தேன். இன்னிக்கு வேணாம். எங்கப்பா சுருதி போடறாரு. எட்டு மணி பஸ்ஸுக்குள்ள முடிக்கணும், அதனால உங்க எதிர்லயே கிண்ணத்தைச் சேர்க்கறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

இரண்டாவது கிண்ணத்தில் கரண்டியை விட்டாள். தட்டினாள். எடுத்தாள். தட்டினாள். மற்ற ஊராக இருந்தால் கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போயிருக்கும். ஆனால் வந்திருந்தவர்கள் மெஷின் ஓட்டுகிறவர்கள். பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதைக் காதால் சொல்லிச் சோறு தின்கிறவர்கள். இரண்டு சத்தம் ஒன்றோடொன்று உரசுவதும், நெருங்குவதும், ஒன்றாவதும் அவர்களுக்குத் தினப்படி வேலை. இரண்டாவது கிண்ணம் எஞ்சினோடு சேர்ந்த நொடியில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் தன்னை மறந்து சொன்னார்:

"உக்காந்துச்சி!"

மூன்றாவது சேர்ந்தபோது பத்துப் பேர் சொன்னார்கள். ஐந்தாவதுக்குக் கரையே காத்திருந்து சொன்னது. சற்று முன்னாலேயே சொல்லிவிட்ட ஒரு மெஷின் பிட்டரை, "இன்னும் இல்லப்பா, ஒரு நூல் கீது" என்று பக்கத்து ஆள் அடக்கினார். ஜெனிபர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு சொட்டு எடுத்தாள். "உக்காந்துச்சி!" மணியம்மாள் குரலும் அதில் இருந்தது. கிண்ணம் சேர்ப்பதற்கே இவ்வளவு ரசிகர்கள் அமைந்த ஜலதரங்கக்காரி வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

பிறகு வாசித்தாள். தகரக் கொட்டகைமேல் முதல் மழை விழுவதை வாசித்தாள். முதலில் நாலு சொட்டு, சந்தேகத்தோடு. அப்புறம் பத்து. அப்புறம் பெண்கள் கொடித்துணியை எடுக்க ஓடுகிற அவசரம். தண்ணி லாரி வந்த தெருவை வாசித்தாள். குடத்தோடு குடம் இடிப்பதும் இடம் பிடிப்பதும் அப்படியே கேட்டன. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் லாரி சீராக உறுமிக்கொண்டிருந்தது.

செண்பகத்தின் கண் மேடையில் இல்லை, வண்டிக் கதவில் இருந்தது. சாலமோனின் கை ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் சாலையைப் பார்க்கிற மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு விரல் கதவுத் தகட்டைத் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. பெரிய கிண்ணங்கள் ஒலித்தால் விரல் அசைந்தது; பாட்டு சின்னக் கிண்ணங்களுக்கு ஏறினால் விரல் வழி தெரியாதவன் மாதிரி நின்றுவிட்டது.

அவள் மேடையைப் பார்த்தாள். ஜெனிபரும் லாரியின் பக்கக் கண்ணாடியில் அதே விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் மெல்ல இறக்கி நிறுத்தினாள்.

"அத்த, சொம்பு."

"வேணாம்டியம்மா. ஒரு தபா பட்டது போதாதா?"

"ஊத்துங்க. இதுல. இதுல. அந்த மூணுலயும்."

"எவ்ளோ?"

"நான் சொல்றவரைக்கும்."

செண்பகம் நடுக்கிண்ணங்களில் தண்ணீரை விட்டாள். தண்ணீர் ஏற ஏறக் கிண்ணத்தின் சத்தம் கீழே இறங்கியது. தட்டிக்கொண்டே வந்த ஜெனிபர் சில இடங்களில் "போதும்" என்றாள்; சில இடங்களில் "இன்னும்" என்றாள். கடைசி மூன்று கிண்ணமும் விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றன. சின்னக் கிண்ணங்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

"இனிமே மேல போகப்போறதில்ல" என்றாள், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடைசியாக வாசித்தது ஏரி கோடி போவதை. எல்லாம் கனத்த, ஆழமான சத்தம். ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு வந்தன. தளும்பி நின்ற கிண்ணங்களை அவள் தொட்டபோதெல்லாம் விளிம்பிலிருந்து துளிகள் துள்ளின. பட்டுப்புடவை முழங்காலோடு நனைந்தது. ஜன்னலுக்கு வெளியே விரல் நிற்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் முழுக்கையும் தட்டியது. பிறகு சாலமோன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார், வலது காதைத் திருப்பிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் வருவது யார் என்று பார்க்கிறவரைப் போல.

முடித்ததும் ஜெனிபர் முஷ்டியைக் கீழ்நோக்கித் திருகினாள். எஞ்சின் நின்றது. நின்ற பிறகுதான், கலங்கலில் உண்மையான ஏரி வழிந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது.  கைதட்டல் அடங்கும் முன்பே கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

சாலமோன் இறங்கி வந்தார். ஜெனிபர் மேடை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தாள். அவரிடம் எதையும் கேட்கத் தைரியம் வராதவளாக, காதைத் தொட்டுப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

அவர் கிண்ணங்களைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பெரிய கிண்ணத்துல ரெண்டு தபா தப்பு அடிச்ச பாப்பா."

அது உண்மை. கண்ணாடியில் விரலைப் பார்த்த மும்முரத்தில் இரண்டு இடத்தில் குச்சி தவறியிருந்தது. ஐந்நூறு பேரில் யாருக்கும் அது விழவில்லை. ஜெனிபர் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டும் சிரித்தாள். சாலமோன் பயந்துபோய்ச் செண்பகத்திடம், "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? இருந்தத சொன்னேன்" என்றார்.

"உனக்குக் காது வந்தா இப்பிடித்தான் பேஜாரு பண்ணுவேன்னு எனக்கு அப்பவே தெரியும் ண்ணா" என்றாள் அவள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஆதிநாராயணன் கையில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். வந்தவர் சாலமோனுக்கு நாலடி தள்ளி நின்று, மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

"செம்பகம், கணக்க சொல்லு. முடிச்சிடலாம்."

"குடிக்கிற தண்ணி ஒரு லாரி, பேசுன ரேட்டு. குடுத்துட்டீங்க, ஆச்சி. ஏரித் தண்ணி நாலு கொடம், அது உங்க ஏரி, தெளிய வெச்சது என் கூலி, தள்ளிட்டேன். டீசல் ஒண்ணேகால் மணி நேரம்."

"டீசல் பேசவே இல்லியே?"

"அது எங்கண்ணன் கணக்கு. அவரு காதுல வரவு வெச்சிக்கினேன். நேர் ஆயிடுச்சி. கிண்ணத்துல கேக்காம ரொப்பனது என் தப்பு; அத உங்க எதிர்லயே மைக்குல கட்டிட்டேன். மணியம்மா எனக்கு ஒரு ஏச்சு, நான் அவளுக்கு ஒரு ஏச்சு, அது எப்பவும் நேர்."

"அப்ப முடிஞ்சிச்சி."

"முடியல நைனா. அவ்ளோ பேர் முன்னாடி 'டா'ன்னீங்களே. அது பாக்கி."

ஆதிநாராயணன் சாலமோனைப் பார்த்தார்.  பேரம் பேச அதில் எதுவும் இல்லை. கையிலிருந்த நாற்காலியை விரித்து, சாலமோனுக்குப் பக்கத்தில் கரைமேல் போட்டுவிட்டு, "நாளைக்கு சாலமோன் ஊட்டாண்ட வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார்.

சாலமோன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார்; பிறகு நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்று, மகள் கிண்ணங்களைத் துடைப்பதை வேடிக்கை பார்த்தார்.

செண்பகம் மீந்த தண்ணீரை ஏரியிலேயே ஊற்றிவிட்டு, சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறினாள். வரவு: ஒரு அப்பன், முன்வரிசைக்கும் முன்னால், டெலிவரி ஆயிற்று. செலவு: டீசல், கொஞ்சம் மானம். பாக்கி: ஆதிநாராயணன் பேரில் ஒரு சொல், அசல் மட்டும், நாளைவரை வட்டி இல்லை.